வெள்ளிப் படலத்தின் மறுபாதி

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அளக்கும் கருவியும் உயிரோடுதான் இருந்தது. மாதிரித் துண்டை வெளியே எடுத்தால் திரையில் கோடு விருட்டென்று மேலே போனது. துண்டைத் திரும்ப வைத்தால் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. குசுமி சிகுசா முகமூடிக்குள்ளேயே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, திருகுகளை அவிழ்த்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து பூட்டிப் பார்த்தாள். கோடு எழுந்திருக்கவில்லை. எழ வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு வீக்கம் தெரிந்தது, அவ்வளவுதான். போன கோடை முழுக்க அதே துண்டு அதே இடத்தில் மலை மாதிரி ஒரு கோட்டைக் காட்டிக்கொண்டிருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விசாரணைக் குழு வருகிறது. அவர்கள் கண் முன்னால் இந்தத் துண்டின் வழியாக ஒளி வந்தாக வேண்டும். வராவிட்டால், சிகுசா கட்டுரையில் போட்ட படம் இட்டுக்கட்டியது என்று ஆகிவிடும். ட்சுகுபா மாதிரி ஆய்வகங்கள் நிறைந்த ஊரில் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு வேலை போவது பெரிய விஷயமில்லை. ஒப்பந்தம் முடிந்தால் எல்லோருக்கும் போவதுதான். ஆனால் பொய் அளவு எழுதினவள் என்று ஒரு பேர் வந்துவிட்டதோ, அப்புறம் எந்த ஊர் ஆய்வகமும் அவளை வாசலில் செருப்பைக் கழற்றக்கூட விடாது. சிகுசாவுக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

விஷயம் இதுதான். கண்ணாடியின் மேல் வெள்ளியை மெல்லிய படலமாகப் பூசி, அதில் வரிசை வரிசையாகத் துளை போட்டிருந்தாள். துளை என்றால் ஊசித் துளை இல்லை. ஒரு தலைமுடியின் குறுக்கே நூறு துளைக்கு மேல் அடுக்கலாம், அத்தனை பொடி. ஒளியின் அலை அந்தத் துளையைவிடப் பெரியது. ஆகவே ஏதோ கொஞ்சம் கசியுமே தவிர உருப்படியாக ஒன்றும் வராது என்பதுதான் பழைய கணக்கு. ஆனால் சரியான இடைவெளி விட்டுத் துளைத்தால், ஏதோ ஒரு நிறத்தில், துளைகளின் மேல் விழுந்ததைவிட அதிகமான ஒளி மறுபக்கம் வந்து நிற்கிறது. நடுவில் வெறும் வெள்ளியின் மேல் விழுந்த ஒளியும் சும்மா இருப்பதில்லை. மொட்டை மாடியில் பெய்த மழையெல்லாம் ஓடிவந்து ஒரே குழாயில் இறங்குகிற மாதிரி, அது வெள்ளியின் மேலேயே அலையாக ஓடி, பக்கத்துத் துளையைப் பிடித்து, அந்தப் பக்கம் போய்விடுகிறது. இது சிகுசா கண்டுபிடித்ததல்ல. வேறு ஆட்கள் எப்போதோ கண்டு, பாதி உலகம் அதன் பின்னால் ஓடியாகிவிட்டது. சிகுசாவின் துண்டில் வந்த அளவுக்கு வேறு யாருக்கும் வரவில்லை என்பதில்தான் தகராறு.

டிசம்பரில் யாரோ நிறுவனத்தின் புகார்த் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். அதில் பேர் சொல்ல வேண்டியதில்லை. குசுமியின் ஒளி துளை வழியாக வரவில்லை, துண்டின் ஓரத்தில் ஒட்டிய கறுப்பு நாடாவின் இடுக்கு வழியாகக் கசிகிறது, அது அவளுக்கும் தெரியும், தெரிந்தே மறைக்கிறாள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். ஓரத்தில் கறுப்பு நாடா ஒட்டுகிற சமாசாரம் கட்டுரையில் கிடையாது. அந்த அறைக்குள் வந்து போகிறவர்களுக்குத்தான் தெரியும். வந்து போகிறவர்கள் சிகுசா, அவளுடைய பேராசிரியர் ஹிருகவா, கீழ்மாடியில் ஆராய்ச்சி செய்கிற ஒகிட்சு, அவ்வளவு பேர்தான். பேராசிரியர் தன் பேர் போட்ட கட்டுரையைத் தானே கெடுத்துக்கொள்ள மாட்டார். அப்புறம் யார் என்று சோழி உருட்டியா பார்க்க வேண்டும்?

கதவு திறந்தது. ஹிருகவா கழுத்துப்பட்டையின் நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி வந்தார்.

"என்ன, வருதா?"

"வரல, சென்செய்."

அவர் திரையைக் குனிந்து பார்த்தார். பிறகு இன்னொரு தடவை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். துடைத்தால் கோடு ஏறிவிடுமா என்ன?

"நேத்து பாத்தியா?"

"குழு வர்ற வரைக்கும் யாரும் அளக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. டிசம்பர்ல இருந்து தொடவே இல்ல."

"சரி, விடு. வெள்ளிக்கு வயசாயிடுச்சுன்னு சொல்லிடலாம். வெள்ளி கறுக்கும், ஊருக்கே தெரியும். புதுசு ஒண்ணு செய்யறதுக்கு ஒரு மாசம் டைம் கேப்போம்."

"துளை போடுற மெஷின் பிரிச்சுப் போட்டுக் கெடக்கு, சென்செய். வசந்தத்துக்கு முன்னாடி எழும்பாது."

"அது எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஒரு மாசம்னு கேட்டா? ஓடி ஒளியறான்னுதான் நினைப்பாங்க. நானே அந்தக் குழுவுல இருந்தா அப்படித்தான் நினைப்பேன்."

ஹிருகவா ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே மலையிலிருந்து இறங்குகிற குளிர்காற்று ஜன்னல் சட்டத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. அன்னைக்கு ஒளி வந்துச்சுதானே?" என்றார்.

"நீங்களும் கூட நின்னு பாத்தீங்களே."

"பாத்தேன். திரையிலதான் பாத்தேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். சிகுசாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. யாரோ முகம் தெரியாதவன் பழி சொன்னபோதுகூட இப்படி வலிக்கவில்லை. கூடவே நின்றவர், கோடு ஏறியபோது கை தட்டினவர், அவருக்கே சந்தேகம் வந்துவிட்டதென்றால் குழுவை என்ன சொல்ல? அழுகை வரும்போல இருந்தது. அழுதால் முகமூடி நனைந்து தொல்லை என்று அடக்கிக்கொண்டாள்.

துண்டைப் பிடிப்பிலிருந்து கழற்றி உருப்பெருக்கியின் கீழே வைத்தாள். வைத்தவுடனே தெரிந்துவிட்டது. கண்ணாடி மாதிரி பளீரென்று இருக்க வேண்டிய வெள்ளி, ஆறிப்போன பார்லி தேநீர் நிறத்தில் இருந்தது. ஓரத்தில் மட்டுமில்லை, முழுக்க ஒரே சீராகப் பழுப்பு. பேராசிரியர் சொன்ன வயசு இதுவல்ல. காற்றுப் புகாத பெட்டியில், ஈரம் உறிஞ்சும் மணிகளோடு வைத்த வெள்ளிக்கு ஒரு குளிர்காலத்துக்குள் இப்படி வயசாகாது. வெள்ளியை இந்த நிறத்துக்கு, அதுவும் இவ்வளவு வேகமாகக் கொண்டுவருகிற பொருள் ஒன்றே ஒன்றுதான். அதை நினைத்த மாத்திரத்தில் சிகுசாவுக்கு அக்கா நாஹோவின் கழுத்துச் சங்கிலி ஞாபகம் வந்தது.

புத்தாண்டு லீவில் இருவரும் குசாட்சுவுக்கு வெந்நீர் ஊற்றில் குளிக்கப் போயிருந்தார்கள். புகாருக்குப் பிறகு சிகுசா தூங்குவதில்லை என்று நாஹோதான் இழுத்துப்போனாள். அங்கே தண்ணீரிலிருந்து எழுந்து வந்தவள் துண்டைச் சுற்றிக்கொண்டு கத்தினாள்.

"அடியே, என் சங்கிலியைப் பாருடி. அட்டக்கரியாப் போச்சு."

"வெள்ளி போட்டுக்கிட்டு இறங்காதீங்கன்னு அவ்வளவு பெருசா போர்டு மாட்டியிருக்கான்ல."

"கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டுக் குளிக்க வந்தவளுக்குப் போர்டு எங்கடி தெரியும்? வெள்ளிக்குன்னே படிச்சவ நீ. வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"கழுத்துல போட்டிருக்கறது வெள்ளின்னு எனக்கெப்படித் தெரியும்? நீதான் பிளாட்டினம்னு பீத்திக்கிட்டிருந்தே."

வெகுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிகுசா வயிறு குலுங்கச் சிரித்தாள். திரும்பும்போது கடைவீதியில், ஊற்றடியில் படிகிற கந்தகத்தைச் சுரண்டி எடுத்துப் பொடியாகக் காகிதத்தில் மடித்து விற்கிற பொட்டலங்களை வாங்கினாள். வீட்டுத் தொட்டியில் கரைத்துக் குளித்தால் இடுப்புவலி போகும் என்பார்கள். லீவு போட்டு ஊருக்குப் போனவள் வேலை செய்கிற இடத்தில் உள்ள அத்தனை பேருக்கும் ஏதாவது வாங்காமல் திரும்பக் கூடாது. நீ ஜாலியாகக் குளித்துக்கொண்டிருந்தபோது உன் பாட்டையும் சேர்த்து இழுத்தவர்களுக்கு அது ஒரு மன்னிப்பு மாதிரி. ஒருத்தரை விட்டாலும் ஊர் முழுக்கத் தெரிந்துபோகும். சிகுசா ஒவ்வொரு பொட்டலத்திலும் சின்னச் சீட்டு ஒட்டி, தன் கையாலேயே பேர் எழுதினாள். ஒகிட்சுவின் பேரையும் எழுதினாள். அவனை விட்டால் ஏன் விட்டாள் என்று நாலு பேர் கேட்பார்களே.

அந்தப் பொட்டலம் எங்கே?

 ஜனவரியில் திரும்பி வந்த அன்று எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே வந்து, கீழ்மாடிக்கு இறங்கி, ஒகிட்சுவின் மேஜை வரைக்கும் போனாள். அவன் இல்லை. மேஜை மேல் வைத்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அவன் நாற்காலியில் தொங்கின கம்பளிச் சட்டையைப் பார்த்ததும் தொலைபேசியில் சொன்ன வார்த்தைகள் அப்படியே காதில் விழுந்தன. தெரிந்தே மறைக்கிறாள். இவனுக்கு நான் இடுப்புவலி மருந்து வாங்கி வர வேண்டுமா? வயிறு எரிய எரிய, பொட்டலத்தோடு மாடிக்குத் திரும்பினாள். மாதிரித் துண்டு பத்திரமாக இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து பார்த்தாள். அந்த நேரம் பார்த்து நடையில் யாரோ வரும் சத்தம் கேட்டது. கையில் இருந்ததை...

எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தாள். கீழ்த்தட்டில், கையுறை டப்பாவுக்குப் பின்னால், அது இருந்தது. 'ஒகிட்சு அவர்களுக்கு' என்று அவளுடைய சொந்தக் கையெழுத்து. முகமூடியை இறக்கி முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. குசாட்சுவில் ஈரத்தலையோடு பனியில் நின்றதிலிருந்து மூக்கு அடைத்துக்கொண்டு, சரியாவதும் மறுபடி பிடிப்பதுமாகவே இருந்தது. மூக்கு மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால், இன்று காலை பெட்டியைத் திறந்ததுமே விஷயம் தெரிந்திருக்கும். ஆனால் காலையில் தெரிந்து என்ன? துண்டு அதற்கு முன்பே போய்விட்டது.

வெள்ளியோடு குடித்தனம் நடத்துகிறவளுக்குக் கந்தகம் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் அன்று அவள் கையில் இருந்தது அவளுக்குக் கந்தகமாகவே படவில்லை. ஒகிட்சுவுக்குக் கொடுக்க மனசு வராத ஒரு சாமான், அவ்வளவுதான். வீம்பு பிடித்த மனசுக்கு ரசாயனமாவது ஒன்றாவது. சிகுசா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். யாராவது கெடுத்திருந்தால் அவர்களைத் திட்டலாம். தன் கையாலேயே தன் சாட்சியைக் கொன்றவள் யாரைத் திட்டுவாள்?

இனி உலகத்தில் மிச்சமிருப்பது ஒகிட்சுவிடம் இருக்கும் பாதிதான். துளை போட்ட அன்று தகட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை அவளே அவனிடம் கொடுத்திருந்தாள். அப்போது இருவரும் நல்ல சிநேகிதம். மதியம் ஒன்றாகச் சாப்பிடுவார்கள், அவன் ஆரஞ்சை உரித்துப் பாதியை இவள் பக்கம் நகர்த்துவான். கண்ணுக்குத் தெரியாத ஒளியில் அளந்து பார்க்கிறேன் என்று வாங்கிப் போனான். பிறகு ஒரு நாள், எல்லோரும் தேநீர் குடிக்கிற இடத்தில், "குசுமி சான், அந்த ஓரத்தை இன்னொரு தடவை பாத்துடுங்களேன்" என்றான். இவள் சிரித்துக்கொண்டே, "ஏன், பொறாமையா இருக்கா?" என்று கேட்டுவிட்டாள். மற்றவர்களும் சிரித்தார்கள். அதற்கப்புறம் ஆரஞ்சு வரவில்லை.

பொட்டலத்தை மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

ஒகிட்சு மேஜையில் குனிந்து சோற்று உருண்டையைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"உள்ள வரலாமா?"

"வந்துட்டீங்களே. அப்புறம் என்ன?"

"உங்ககிட்ட இருக்கற பாதி வேணும்."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "எந்தப் பாதி?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

"உங்க பாதிக்கு என்னாச்சு?"

"செத்துப்போச்சு."

"எப்படி?"

சிகுசாவின் கை பைக்குள் பொட்டலத்தைத் தொட்டது. சொல்ல வாய் வரவில்லை. "அப்புறம் சொல்றேன். இப்ப நேரமில்ல. குழு வந்துடும்."

ஒகிட்சு உருண்டையைக் கடற்பாசித் தாளோடு கீழே வைத்தான். "உங்க துண்டு செத்துப்போச்சு, என்னாச்சுன்னு சொல்ல மாட்டீங்க, ஆனா என் துண்டைத் தூக்கி உங்க கையில கொடுக்கணும். குழு வர்றதுக்குள்ள அதை நீங்க என்ன வேணா பண்ணலாம்."

"அப்படித்தான் நினைக்கறீங்களா?"

"நான் நினைக்கறது கெடக்கட்டும். குழு நினைக்கும்."

"அப்ப நீங்களே எடுத்துட்டு வாங்க. நீங்களே மாட்டுங்க. ஓரத்துல எவ்வளவு நாடா ஒட்டணும்னு தோணுதோ அவ்வளவும் ஒட்டுங்க. நான் கிட்டயே வரல. சுவத்தோரமா நிக்கறேன், கையைக் கட்டிக்கிட்டு."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "ஒளி வரலேன்னா?"

"வரலேன்னா நான் பொய் சொன்னவதான். நீங்களே குழுகிட்ட சொல்லிடுங்க."

"என் பாதியை நான் இன்னும் அளந்ததே இல்ல."

"ஏன்? இவ்வளவு நாளா?"

ஒகிட்சு எழுந்தான். மிச்ச உருண்டையைத் தாளில் சுற்றி இழுப்பறையில் வைத்தான். காற்றுப் படாமலிருக்க நைட்ரஜன் நிரப்பிய குப்பியிலிருந்து சின்னத் துண்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். சிகுசாவும் எட்டிப் பார்த்தாள். வெள்ளி வெள்ளியாகவே இருந்தது. மேலே வெள்ளையாக இருக்கிறது என்பதால் ஒளி வந்துவிடும் என்று அர்த்தமில்லை. துளைகள் சிதைந்திருக்கலாம், வெட்டும்போது கீறியிருக்கலாம், எதுவும் நடந்திருக்கலாம். யாரும் அளந்து பார்க்காத துண்டு அது.

"வரேன், போங்க" என்றான் ஒகிட்சு.

குழுவில் மூன்று பேர். தலைவி ததேனுமா அம்மையார். தலை முழுக்க நரை, பேச்சு குறைவு. வாசலில் செருப்பு மாற்றிக்கொண்டு உள்ளே வந்ததும், கருவியின் முன்னால் ஒகிட்சு நிற்பதையும் சிகுசா சுவரோரம் நிற்பதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கட்டுரை எழுதினது குசுமி சான்தானே? இவர் எதுக்கு மாட்டறார்?"

"என்னோட துண்டு கெட்டுப்போச்சுங்க" என்றாள் சிகுசா. "இது அதே தகட்டோட இன்னொரு பாதி. வெட்டினதுலேர்ந்து இவர்கிட்டதான் இருக்கு. நான் தொடவே இல்ல."

குழுவில் ஒருவர் புருவத்தைத் தூக்கினார். "கெட்டுப்போச்சா? நாங்க வர்ற அன்னைக்குப் பாத்தா கெட்டுப்போகும்?"

"காரணத்தைச் சொல்றேங்க. முதல்ல இதைப் பாருங்க."

ஹிருகவாவுக்கு இது எதுவுமே தெரியாது. அவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார், கண்ணாடியைக் கழற்றினார்.

ஒகிட்சு அவசரப்படவில்லை. துண்டைப் பிடிப்பில் வைத்து, ஒவ்வொரு ஓரத்திலும் கறுப்பு நாடாவை ஒட்டி, நகத்தால் தேய்த்து, அதன் மேலேயே இன்னொரு நாடாவையும் ஒட்டினான். எறும்பு நுழைய இடமில்லை. சிகுசாவுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு, தன் விரலைத் தானே நசுக்கிக்கொண்டு நின்றாள். அறை விளக்கை அணைத்தார்கள்.

திரையில் கோடு அடியில் கிடந்தது.

 சிகுசா கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முடிந்தது, அவ்வளவுதான், அக்காவுக்கு என்னவென்று சொல்வது என்று யோசித்தாள். அப்போது ஒகிட்சு, "இருங்க, மறைப்பை இன்னும் திறக்கல" என்று முணுமுணுத்தான். இருட்டில் கையை நீட்டி எதையோ தள்ளினான்.

கோடு எழுந்தது. சிகப்பு நிறத்துக்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கி, ஏறி, ஏறி, போன கோடையில் நின்ற அதே உயரத்துக்குப் போய் மலையாக நின்றது. ஒகிட்சு திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, யாரும் கேட்காமலே, ஊசிமுனையில் ஒரு கறுப்புக் காகிதத் துணுக்கைக் குத்தி, துளைகள் இருக்கும் இடத்துக்கு நேராக நீட்டினான். மலை விழுந்துவிட்டது. எடுத்தான், மறுபடி எழுந்தது. ஓரங்களின் பக்கம் கொண்டுபோனான். கோடு அசையவே இல்லை.

"ஓரம் இல்ல" என்றான். அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது. "துளை வழியாத்தான் வருது."

"தெரியுது" என்றார் ததேனுமா.

விளக்கைப் போட்டார்கள். ஹிருகவாவின் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. குழுவினர் இருவரும் தங்களுக்குள் தலையசைத்துக்கொண்டார்கள். சிகுசா சுவரில் சாய்ந்துகொண்டாள். பிழைத்தாயிற்று. ததேனுமா மட்டும் மேஜை மேல் கிடந்த பழுப்புத் துண்டை எடுத்துப் பார்த்தார்.

"இது ஏன் இப்படி ஆச்சு?"

"வெள்ளிக்கு வயசாகுங்களே" என்று ஹிருகவா முந்திக்கொண்டார். "குளிர்காலம் வேற, ஹீட்டர் காத்து, இதெல்லாம் சகஜம்."

"ஆமாமா, எங்ககிட்டயும் நடந்திருக்கு" என்றார் குழுவில் இன்னொருவர்.

அவ்வளவுதான். சிகுசா சும்மா தலையை ஆட்டினால் போதும், எல்லோரும் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். யாரும் எதையும் தோண்ட மாட்டார்கள். ஆனால் இவ்வளவு நாளும் அவளைப் பற்றிச் சொன்னது என்ன? தெரிந்தே மறைக்கிறாள் என்பதுதான். இப்போது தலையை ஆட்டினால் அது நிஜமாகிவிடும்.

"வயசாகலைங்க" என்றாள். பைக்குள்ளிருந்து பொட்டலத்தை எடுத்தாள். "இதாலதான்."

ததேனுமா வாங்கி, மூக்கருகே கொண்டுபோய், உடனே தள்ளிப் பிடித்தார். "அழுகின முட்டை. குசாட்சுவா?"

"ஆமாங்க. மாதிரி வைக்கற பெட்டிக்குள்ளயே இருந்துச்சு."

"வெள்ளி இருக்கற பெட்டியிலயா? எந்த மடையன் வெச்சது?"

"நான்தாங்க."

ஹிருகவா கண்ணாடியைத் துடைப்பதை விட்டுவிட்டார். ததேனுமா சீட்டில் இருந்த பேரைப் படித்தார்; தலையைத் தூக்கி ஒகிட்சுவைப் பார்த்தார். பொட்டலத்தைச் சிகுசாவிடம் திருப்பிக் கொடுத்தார்.

"எல்லாருக்கும் வாங்கிட்டு வந்தேன். எல்லாருக்கும் கொடுத்தேன்" என்றாள் சிகுசா. முகமூடியைக் கழற்றிவிட்டிருந்தாள், மூக்கு சிவந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. "ஒகிட்சு சானுக்கு மட்டும் கொடுக்கல. போன்ல பேர் சொல்லாம என்னைப் பத்திச் சொன்னது இவர்தான்னு நினைச்சேன். ஆதாரம் ஒண்ணும் கிடையாது. நானா நினைச்சுக்கிட்டேன். மேஜை வரைக்கும் போயிட்டு, கொடுக்கப் பிடிக்காம திரும்பிவந்து, பெட்டிக்குள்ள போட்டுட்டேன். அதுல துண்டு போச்சு. இன்னைக்கு இவர் தன் பாதியைக் கொண்டுவரலேன்னா நானும் போயிருப்பேன்."

 சிகுசா ஒகிட்சுவின் பக்கம் திரும்பி, பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்து நீட்டி, இடுப்பு வளையக் குனிந்தாள்.

"உங்களைச் சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சுடுங்க, ஒகிட்சு சான். ரொம்ப லேட்டாயிடுச்சு. வாங்கிக்குங்க."

இரண்டு கையால் நீட்டினால் இரண்டு கையால் வாங்க வேண்டும், அதுதான் முறை. ஒகிட்சு கைகளைத் தூக்கினான். விரல் நுனிகளில் கறுப்பு நாடாத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பொட்டலத்துக்குக் கொஞ்சம் முன்னால் கைகள் நின்றுவிட்டன.

"வாங்கிக்கய்யா" என்றார் ஹிருகவா.

"இதை நான் வாங்க முடியாது, சென்செய்." ஒகிட்சு சிகுசாவைப் பார்க்கவில்லை. ததேனுமாவைப் பார்த்துச் சொன்னான். "போன் பண்ணது நான்தான்."

சிகுசா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. நீட்டிய கைகளையும் பின்னால் இழுத்துக்கொள்ளவில்லை.